தோலைத் தைத்த இயந்திரங்கள்: லின் நகரம் தரும் பாடம்

தோல் வேலைக்குத் தையல் இயந்திரம் வாங்க எண்ணுவோர் முதலில் கேட்பது, “எது வலிமையானது?” என்பதே. வரலாற்றைப் புரட்டினால் அதைவிடப் பயனுள்ள கேள்வியொன்று கிடைக்கிறது: “என் வேலை எந்த இடத்தில் தடைப்படுகிறது?”

துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு நுழைகிறது. ஊசி வெளியேறியதும் இழைகள் மீண்டும் நெருங்கிவிடுகின்றன. தோலில் விழுந்த துளையோ மூடுவதில்லை. தையல்கள் மிக நெருங்கிவிட்டால், துளையிட்ட அஞ்சல்தலைத் தாளைப்போலத் தோல் அவ்வழியே கிழிந்துவிடும். அதனால்தான் கைவினைஞர்கள் குத்தூசியால் அளந்து துளையிட்டு, மெழுகு பூசிய நூலை இருபுறமிருந்தும் கோத்துத் தைத்தனர்.

மேல்தோல்

1846-இல் எலியாஸ் ஹோவும் 1851-இல் ஐசக் சிங்கரும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற லின் நகரில், மெல்லிய மேல்தோலைத் தைக்க அவ்வியந்திரங்கள் பயன்படலாயின. அதுவரை அவ்வேலையை வீட்டிலிருந்தே செய்துவந்த பெண்கள் பலர் தொழிற்கூடங்களுக்குச் சென்றனர். வீட்டில் தைத்தோரின் வேலை சுருங்கியது. கூலிக் குறைவை எதிர்த்து 1860 பிப்ரவரி 22-இல் அந்நகரக் காலணித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மார்ச் 7-இல் நூற்றுக்கணக்கான பெண்கள் கொட்டும் பனியில் ஊர்வலம் சென்றனர்.

அடித்தோல்

தடித்த அடித்தோல் அடுத்த தடையாக இருந்தது. சாதாரண இயந்திரத்தின் ஊசி அதை ஊடுருவாது. காலணியின் உட்புறத்துக்குள் இயந்திரத்தின் கையும் நுழையாது. 1858-இல் லைமன் பிளேக் இதற்குத் தீர்வு கண்டார். காலணிக்குள் நுழையும் கொம்பு போன்ற கையொன்றை அமைத்து, மேல்தோலையும் அடித்தோலையும் சேர்த்துத் தைத்தார். அந்த உரிமையை வாங்கிய கார்டன் மெக்கே, இயந்திரத்தை விற்காமல் வாடகைக்கு விட்டு, தைக்கப்படும் ஒவ்வொரு சோடிக்கும் கட்டணம் பெற்றார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்குக் காலணி தேவைப்பட்டதால் இவ்வியந்திரம் விரைந்து பரவியது.

எஞ்சிய தடை

காலின் வடிவில் செதுக்கிய மரக்கட்டையின்மீது மேல்தோலை இழுத்து, மடித்துப் பொருத்தும் வேலை மட்டும் கைகளிடமே எஞ்சியது. தேர்ந்த தொழிலாளி நாளொன்றுக்குச் சுமார் 50 சோடிகளே முடிப்பார். மற்ற இயந்திரங்கள் எவ்வளவு விரைந்து ஓடினாலும் காலணி இங்கே வந்து காத்துக் கிடந்தது.

இத்தடையை நீக்கியவர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர். 1852-இல் சுரினாமில் பிறந்த கறுப்பினத்தவர். டச்சு மொழிச் சூழலில் வளர்ந்து, பிழைப்புத் தேடி லின் நகருக்கு வந்து, காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தை இயக்கினார். இரவுகளில் ஆங்கிலம் பயின்றார். கிடைத்த பொருள்களைக்கொண்டு மாதிரிகள் செய்தார். 1883 மார்ச் 20-இல் காப்புரிமை பெற்றார். அவரது இயந்திரம் நாளொன்றுக்கு 150 முதல் 700 சோடிகள்வரை முடித்தது. சாதாரணக் குடும்பங்களும் வாங்கும் அளவுக்குக் காலணி விலை குறைய அது வழிசெய்தது. அவரோ காசநோயால் 1889-இல் தமது 36-ஆம் வயதில் மறைந்தார். நிறத்தின் பொருட்டு மற்றத் தேவாலயங்கள் ஒதுக்கியபோது தம்மை ஏற்றுக்கொண்ட தேவாலயத்துக்குப் பங்குகளை எழுதிவைத்தார். 1991-இல் அமெரிக்க அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

வாங்குவோருக்கு

இவர்கள் ஒரே இயந்திரத்தை மேலும் வலிமையாக்கவில்லை. வெவ்வேறு தடைகளுக்கு வெவ்வேறு கருவிகளைச் செய்தனர். இன்று வாங்குவோரும் அவ்வாறே எண்ணலாம். தோல் அடுக்குகள் வழுக்கி விலகுகின்றனவா? ஊசியும் அழுத்தும் பாதமும் தோலோடு சேர்ந்து நகரும் இயந்திரம் வேண்டும். பையின் வளைவைத் தைக்க வேண்டுமா? சமதள மேடை போதாது; உருளை வடிவக் கை தேவை. தோலுக்குரிய கூர்மை கொண்ட ஊசியும் தடித்த நூலும் அதில் பொருந்த வேண்டும். விலை பேசுமுன், நாம் தைக்கப்போகும் தோலையே அடுக்கிக் கொண்டுபோய்த் தைத்துப் பார்ப்பது நன்று.

நம் மாணவர்களுக்குச் சொல்லவும் இதில் ஒன்றுண்டு. வேற்று மொழிச் சூழலில் வந்து சேர்ந்த ஓர் இளைஞர், தாம் நாள்தோறும் கண்ட வேலையை உற்று நோக்கினார். தடை எங்கே என்று கண்டுகொண்டார். அந்தப் பார்வையைப் பிள்ளைகளிடம் வளர்ப்போம்.