கூடாரத்துக்குள் ஓர் அடுப்பு

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கொடைக்கானல் போவதாக ஒரு திட்டம். ரூம் எல்லாம் வேண்டாம், டென்ட்டில்தான் தங்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது (எங்கள் பட்ஜெட்டும் அதையேதான் சொன்னது). வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஸ்வெட்டர் பற்றிப் பேசினாள். அப்பா செலவு பற்றிப் பேசினார். மாமா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏல, ராத்திரி குளுருச்சுன்னா தீய எங்க வைப்பிய?"

மாமா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சியாச்சினில் ஒரு தடவை பணியில் இருந்திருக்கிறார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊரில், யார் வீட்டில் படுத்தாலும், கொசு கடித்தாலும் சரி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுத்தான் படுப்பார். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், ஏன் என்று கேட்டதே இல்லை. இந்தத் தடவை கேட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

திருநெல்வேலிக்காரனுக்குக் குளிர் என்றால் என்ன? மார்கழி விடியற்காலையில் குறுக்குத்துறையில் ஆற்றில் ஒரு முங்கு. மிஞ்சிப் போனால் மாஞ்சோலை பஸ்ஸில் ஜன்னலோர சீட். அதற்கே மஃப்ளரைத் தேடுகிற ஆட்கள் நாம். தீயும் நமக்குச் சமையலுக்கான பொருள்தான். ஆச்சி வீட்டு அடுக்களையில் விறகடுப்பு புகையும், கண் எரியும், ஆச்சி ஊதாங்குழலால் ஊதுவாள். புகை ஓட்டு இடுக்கு வழியாக அதுபாட்டுக்கு வெளியே போய்விடும். அதை யாரும் கணக்கில் வைத்ததே இல்லை.

ஆனால் நீர் உறைகிற நாட்டில், துணிக் கூடாரத்துக்குள் தீ மூட்டி வாழ வேண்டியவர்களுக்கு அந்த இடுக்குதான் தலையாய பிரச்னை. ஓட்டை வைத்தால் புகையோடு சூடும் போய்விடும். ஓட்டையை அடைத்தால் சூடு நிற்கும், புகையும் நிற்கும். கூடார அடுப்பின் வரலாறு முழுக்க இந்த ஓட்டையைப் பற்றிய சண்டைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் யாக் முடியில் நெய்த கறுப்புக் கூடாரத்தில் வாழ்ந்தவர்கள். 'ரேபோ' என்று பெயர். அதன் முகட்டில் நீளமாக ஒரு திறப்பு விட்டிருப்பார்கள், நடுவில் அடுப்பு எரியும். அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளின் கூம்புக் கூடாரமும் இப்படித்தான், உச்சியில் புகை போக வழி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: சூடு போனாலும் போகட்டும், புகை உள்ளே நிற்கக் கூடாது.

அந்தப் பழங்குடிகளின் கூடாரத்தைப் பார்த்துத்தான் ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்ளி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1856-இல் ஒரு கூடாரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கூம்பு வடிவம், நடுவில் ஒரே கம்பம், 12 பேர் வரை படுக்கலாம். கூடவே அவர் பெயரிலேயே ஓர் அடுப்பும் வந்தது. தகரத்தில் செய்த கூம்பு, அடிப்பாகம் கிடையாது, மண் தரையில் அப்படியே கவிழ்த்து வைக்க வேண்டியது. மேலே ஒரு குழாய். பார்த்தால் புனல் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஆனால் பெரிய விஷயம் அந்தக் குழாய்தான். புகைக்குத் தனிப்பாதை போட்டாகிவிட்டது. புகை வெளியே போகும், சூடு தகரத்தில் தங்கிக் கூடாரத்துக்குள் பரவும். இந்த அடுப்பை அமெரிக்க ராணுவம் இரண்டாம் உலகப் போர் வரை வைத்திருந்தது.

இங்கே காமர்ஸ் மாணவர்களுக்காக ஒரு துணைக்கதை. ஒரு கூடாரத்துக்கு 5 டாலர் ராயல்டி என்று அரசோடு ஒப்பந்தம். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேல் கூடாரங்கள் செய்தார்கள். ஆனால் சிப்ளி எதிரணியான தெற்குப் படையில் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவருக்குக் காசு கிடைக்கவில்லை! காப்புரிமையில் பாதிப் பங்கு வைத்திருந்த பர்ன்ஸ் என்ற அதிகாரி வடக்கிலேயே இருந்தார். அவர் மட்டும் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தன் பாதியை வாங்கிக்கொண்டார். பார்ட்னர்ஷிப் வகுப்பில் இதைச் சொல்லித் தந்திருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

சரி, குழாய் வந்ததும் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. மழை நாளில் எல்லாத் திறப்பையும் அடைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு சிப்ளி கூடாரத்துக்குள் கிடந்தால் காற்று எப்படிக் கெட்டுப்போகும் என்று அந்தப் போரில் இருந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1892-இல் ஸ்வீடனில் ஃப்ரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் என்பவர் ப்ரைமஸ் ஸ்டவ்வைக் கொண்டுவந்தார். ஆமாம், நம் வீடுகளில் கேஸ் வருவதற்கு முன்னால் இருந்த அதே பித்தளைப் பம்ப் ஸ்டவ்தான். பின் குத்தி, பம்ப் அடித்து, 'புஸ்ஸ்' என்று எரியுமே, அதுவேதான். நம் அம்மாமார் காபி போட்ட அந்த ஸ்டவ்வை எடுத்துக்கொண்டுதான் 1895-இல் நான்சென் வட துருவப் பனியில் நடந்தார். திரி இல்லை, கரி பிடிக்காது, மண்ணெண்ணெய் வேறு சுமக்க எளிது. ஆனால் இதற்குக் குழாய் கிடையாது என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்குப் புகை தெரியாததால் குழாய் தேவையில்லை என்று ஆகிவிட்டது. ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்த எரிபொருளும் போதிய ஆக்சிஜன் இல்லாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்தில் இருந்து பலர் எழுந்திருப்பதில்லை.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. துருவப் பயணத்தில் பெயர் பெற்ற அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட் 1934-இல் அண்டார்டிகாவில், பனிக்குள் புதைத்த ஒரு சின்னக் குடிலில் குளிர்காலம் முழுக்கத் தனியாக இருந்தார். அடுப்புக் குழாயின் இணைப்புகள் சரியில்லை, காற்று வரும் குழாய்களைப் பனி அடைத்தது. மே மாத முடிவில் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை ஒரு விசித்திரமான கணக்கு. அடுப்பை எரித்தால் விஷம், அணைத்தால் குளிர். தினமும் பல மணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டு உறைந்து கிடந்தார். ஆகஸ்ட் 10 அன்று மூன்று பேர் வந்து சேர்ந்ததால் பிழைத்தார்.

இதைச் சரியாகக் கையாண்டவர்கள் என்றால் ஃபின்லாந்துக்காரர்கள்தான். 1939-40 குளிர்காலப் போரில், மைனஸ் 40 வரை போன குளிரில், சுமார் 20 பேர் படுக்கிற கூடாரத்தின் நடுவே குழாய் வைத்த அடுப்போடு அவர்கள் படை இருந்தது. எதிரே சோவியத் வீரர்கள் பலர் குண்டு படாமல் குளிரிலேயே செத்தார்கள். ஃபின்லாந்துக் கூடாரத்தில் ஒரு கட்டாய விதி உண்டு. எல்லோரும் தூங்கும்போது ஒருவர் மட்டும் முறை வைத்து அடுப்பருகே விழித்திருக்க வேண்டும். அவருக்குப் பெயரே 'கிபினாமிக்கோ'. 'கிபினா' என்றால் தீப்பொறி, 'மிக்கோ' என்பது அங்கே நம்ம ஊர் முருகன் மாதிரி ஒரு சாதாரணப் பெயர். பொறி காக்கும் முருகன் என்று வைத்துக்கொள்ளலாம் :-)

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1962 போரில் நம் வீரர்கள் பலர் பருத்திச் சீருடையோடும் கேன்வாஸ் ஷூவோடும் இமயமலையில் நிறுத்தப்பட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த வேதனை. 1984 ஏப்ரல் 13 அன்று 'ஆபரேஷன் மேக்தூத்' தொடங்கி சியாச்சின் பனியாற்றில் ராணுவம் ஏறியது. அன்றில் இருந்து இன்று வரை இறங்கவில்லை. கோடையிலும் குளிர்காலத்திலும் ஆட்கள் அங்கே இருந்தாக வேண்டும். 2003-இல் போர் நிறுத்தம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. அங்கே இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது எதிரியின் குண்டு அல்ல. பனிச்சரிவும் குளிரும் உயரமும்தான்.

அந்த இடத்தில் உயிர் என்றால் மண்ணெண்ணெய். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா? ஸ்டவ்வில் பனியை உருக்க வேண்டும். உறைந்து கல்லாகிப் போன டின் சாப்பாட்டைத் தின்ன வேண்டுமா? ஸ்டவ். கை விரல் கறுத்து விழாமல் இருக்க வேண்டுமா? ஸ்டவ். கூடாரமோ ஃபைபர் குடிலோ, உள்ளே 'புகாரி' எனப்படும் குழாய் வைத்த அடுப்பு அல்லது வெறும் மண்ணெண்ணெய் ஸ்டவ். "எச்சி துப்புனா கருப்பா வரும்ல, மூக்கச் சீந்துனாலும் கருப்புதான்" என்றார் மாமா. ஊருக்கு லீவில் வந்த பிறகும் சில நாள் அப்படியே வந்ததாம்.

கேரேஜ் இன்வார்ட்ஸ் என்று நாம் ஃபைனல் அக்கவுண்ட்ஸில் எழுதுவோமே, அதன் உச்சம் அங்கேதான். அடிவாரத்தில் சாதாரண விலை உள்ள மண்ணெண்ணெய், மிக உயரமான நிலைகளுக்குச் சின்ன ஹெலிகாப்டரில், காற்று மெலிந்திருப்பதால் ஒரு நடைக்குச் சில கேன்கள் மட்டும் ஏற்றிப் போக வேண்டும். பொருளின் விலையைவிடப் போக்குவரத்துதான் பல மடங்கு. அப்படி வந்த எண்ணெயில் கிடைத்த சூட்டை ஒரு ஓட்டை வழியாக வெளியே விட யாருக்கு மனசு வரும்? அதனால்தான் ஆட்கள் ஓட்டையை அடைக்கிறார்கள். அறியாமையால் மட்டும் இல்லை, சிக்கனத்தாலும்தான். போதாக்குறைக்கு, 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் பாதிதான். அடுப்புக்கும் ஆக்சிஜன் போதாது, ஆளுக்கும் போதாது. இரண்டு பேரும் ஒரே காற்றுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

மாமா இருந்த நிலையில் கூடாரத்து வாசல் ஜிப்பை ஒரு சாண் அளவுக்குத் திறந்தே வைக்க வேண்டும் என்பது உத்தரவு. "அந்த ஒரு சாண் வழியா வார காத்து கத்தி மாதிரி கிழிக்கும். ஆனா அத மூடுனவனுக்குச் சூபேதார்ட்ட அடிதான்." ராத்திரி ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து, வாசலில் விழுந்த பனியை மண்வாரியால் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் பனியே அந்தச் சாணை மூடிவிடும். ஃபின்லாந்து மிக்கோவை மாமாவுக்குத் தெரியாது. ஆனால் அவரும் மிக்கோவாக இருந்திருக்கிறார்.

2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் நிலை மீது பனிச்சுவர் சரிந்தது. உள்ளே இருந்தது 19-ஆவது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்து போனவர்கள். ஆறாவது நாள், 25 அடிக்கும் கீழே, கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். கூடாரத்துக்குள் மாட்டியிருந்த காற்றுதான் அவரை அத்தனை நாள் காத்தது என்று அப்போது சொன்னார்கள். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்த வாரம் முழுக்க மாமா டிவி முன்னால் இருந்து எழுந்திருக்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். கிரிக்கெட் போட முடியவில்லையே என்ற எரிச்சல்தான் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

2020-இல் கல்வான் மோதலுக்குப் பிறகு லடாக்கில் ஆயிரக்கணக்கான வீரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டி வந்தது. அப்போதுதான் இந்தப் பழைய பிரச்னை மறுபடி செய்திக்கு வந்தது. டிஆர்டிஓ 'ஹிம் தாபக்' என்ற புது புகாரியைச் செய்தது. எண்ணெய் குறைவாகக் குடிக்கும், கார்பன் மோனாக்சைடு ஆபத்து இருக்காது என்றார்கள். 420 கோடி ரூபாய் அளவுக்கு ராணுவம் ஆர்டர் கொடுத்திருப்பதாக 2021 ஜனவரியில் செய்தி வந்தது. அடுத்த மாதமே லடாக் பொறியாளர் சோனம் வாங்சுக், அடுப்பே இல்லாத ஒரு கூடாரத்தைக் காட்டினார். பகல் வெயிலைச் சேமித்து ராத்திரி சூடு தருவது. 10 பேர் தங்கலாம், எந்தப் பாகமும் 30 கிலோவுக்கு மேல் இல்லை. வெளியே மைனஸ் 14 வரை போகிற இடத்தில், இரவு 10 மணிக்கு உள்ளே 15 டிகிரி இருந்ததாக அறிவித்தார். ஓட்டைச் சண்டைக்கு இதுதான் சரியான தீர்வு என்று நினைக்கிறேன். தீயே இல்லை என்றால் புகை ஏது?

இதெல்லாம் பட்டாளத்துக் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர்கள் இருவர், பார்பிக்யூ அடுப்பைக் கரியோடு அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை. அங்கே மைனஸ் 40 இல்லை, எதிரி இல்லை, பனிச்சரிவு இல்லை. கதவைச் சாத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். கணகணவென்று இருக்கிற கரியில் புகை வராது. புகை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆச்சியின் அடுக்களை நமக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். அங்கே ஓட்டு இடுக்கு நமக்காக வேலை பார்த்தது, நாம் கவனிக்கவில்லை.

மாமாவின் கேள்விக்குக் கடைசியில் பதில் சொன்னேன்: "தீ வெளியதான் மாமா, படுக்கும்போது தண்ணி ஊத்தி அணைச்சிருவோம்." அவர் தலையாட்டினார். "அணைஞ்ச கரியக் கூட உள்ள கொண்டு போவாதிய. குளுருச்சுன்னா ரெண்டு கம்பளி கூடக் கொண்டு போங்க. ஜிப்ப ஒரு சாண் தொறந்து வையிங்க."

ஆறு பேரில் குளிர் தாங்காதவன் யார் என்று வகுப்புக்கே தெரியும். அவனை ஜிப்புக்கு எதிர்ப்பக்கம் படுக்க வைப்பதாக முடிவாகியிருக்கிறது. ஜிப் பக்கம் நான்.