ஃபடி கு திரிர்

‘ஃபடி கு திரிர்’ என்பது, தேநீர்க் கடைகளில் கூடி நெடுநேரம் அரசியல் பேசி வாதிடுவதைக் குறிக்கும் சோமாலி மொழித் தொடராகும். ‘ஃபடி’ உட்கார்ந்திருத்தலையும் ‘திரிர்’ சண்டையையும் குறிக்க, இடைநிற்கும் ‘கு’ வேற்றுமை உருபுபோல் அவ்விரண்டையும் இணைப்பதால், உட்கார்ந்தபடியே போரிடுதல் என்பது இதன் நேர்ப்பொருளாகிறது. 1991இல் சோமாலிய அதிபர் சியாத் பாரேயின் ஆட்சி வீழ்ந்து உள்நாட்டுப் போர் பரவியபின், லண்டன், மினியாபொலிஸ் முதலிய நகரங்களில் குடியேறி, அயல்நாட்டில் வாழ்பவர் என்னும் பொருளில் ‘குர்பஜோக்’ எனப்படும் சோமாலியர், ஏலக்காயும் இலவங்கப்பட்டையும் இட்ட ‘ஷா’ என்னும் தேநீரைப் பருகியவாறு குலம், தேர்தல், கால்பந்து பற்றி வாதிடும் இவ்வழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர். வெட்டிப்பேச்சு என்னும் இகழ்ச்சிக் குறிப்பு இத்தொடரில் கலந்திருப்பினும், சிதறுண்ட ஒரு சமூகம் தன் தாய்மொழியையும் ஊர்ச்செய்தியையும் பேணிக்கொள்ள உதவுவதால், இவ்வழக்கத்தை வீண்பொழுது என ஒதுக்குதல் பொருந்தாது.