‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம்

சென்ற மழைக்காலத்தின் ஒரு ஞாயிறு மாலை, கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் வழக்கமாகக் கூடும் நண்பரின் மொட்டைமாடிக்குக் கல்லூரி மாணவர்கள் ஐவர் வந்திருந்தனர். இருபது நிமிட மர்மப்படம் ஒன்றை எடுக்கவிருந்தனர். திரைக்கதையைப் பற்றிக் கருத்துக் கேட்பதே வருகையின் நோக்கம். கதாநாயகன் பெருங்களத்தூருக்கு அப்பால் தண்டவாளத்தில் இரவில் ஓடுகிறான். கைவிடப்பட்ட கல்குவாரி நீரில் குதிக்கிறான். டிரோன் மேலிருந்து அதைப் பார்க்கிறது. நாங்களும் இரண்டு மணிநேரம் கதையைப் பற்றியே பேசினோம். கொலையாளியின் உள்நோக்கம் போதவில்லை என்றோம். முடிவை மாற்றலாம் என்றோம். அவர்கள் விடைபெற எழுந்தபோதுதான், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் மூத்த நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தண்டவாளத்துல பையன் ஓடுறப்போ, பின்னாடி வண்டி வருதுன்னு பாத்துச் சொல்றது உங்கள்ல யாருப்பா?”

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இயக்குநர் இருந்தார், ஒளிப்பதிவாளர் இருந்தார், நடிகர் இருந்தார். வண்டியைப் பார்ப்பவர் என்றொருவர் பட்டியலில் இல்லை. அந்தக் கேள்வி எங்களுக்கும் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் சென்ற பின்னும் கேள்வி அங்கேயே நின்றது. தமிழ்த் திரைப்படக் குழுவில் யார் யாருக்கு என்ன வேலை என்பது எப்படி வகுக்கப்பட்டது, அந்த வகுப்பில் ‘பார்த்துச் சொல்பவர்’ எங்கே விடுபட்டார் என்று தேடத் தொடங்கினோம். அத்தேடலின் சுருக்கமே இக்கட்டுரை.

மாணவர்களின் மர்மப்படம் என்றதும் தென்சென்னையில் நினைவுக்கு வரவேண்டியது தரமணி. அங்குள்ள அரசுத் திரைப்படக் கல்லூரியின் தொடக்கம் 1945. பாலிடெக்னிக் ஒன்றின் பிரிவாக, ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் பொறியியல் பாடங்களாகக் கற்பிக்கவே அது பிறந்தது. தரமணியில் இருந்தபோதும் மக்கள் வாயில் அது வெகுகாலம் ‘அடையாறு திரைப்படக் கல்லூரி’யாகவே இருந்தது. பிற்காலத்தில் எம்.ஜி.ஆர். பெயரைப் பெற்றது. பி.எஸ். நிவாஸ், பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் ஆகியோர் அங்கே ஒளிப்பதிவு பயின்றவர்கள்.

அங்கு பயின்றவர்கள் திரண்டு எடுத்த படம்தான் 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘ஊமை விழிகள்’. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்கினார், ஏ. ரமேஷ்குமார் ஒளிப்பதிவு செய்தார். விஜயகாந்த் காவல்துறை அதிகாரியாக நடித்தார். முன்னாள் கதாநாயகன் ரவிச்சந்திரன் வில்லனாக வந்தார். பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமற்போகும் கதை. இருட்டும், குதிரை வண்டியும், துப்பாக்கிச் சூடும் நிறைந்த படம். அகலத்திரையில், பெரும் நட்சத்திரக் கூட்டத்துடன், முதற்படக்காரர்கள் எடுத்த மர்மப்படம் வெற்றி பெற்றதும், திரைப்படக் கல்லூரி மாணவர்களைக் குறித்துத் தொழில்துறைக்கு இருந்த ஐயம் பெருமளவு நீங்கிற்று என்பது திரையுலகில் பலரும் சொல்லும் செய்தி. ‘உழவன் மகன்’ (1987), ‘செந்தூரப்பூவே’ (1988) என்று அந்த அணியின் பயணம் தொடர்ந்தது.

அவ்வெற்றியில் ஓர் அம்சம் அதிகம் பேசப்படுவதில்லை. கல்லூரியின் பாடமுறையே வேலைப்பிரிவினையைக் கற்பித்தது. இயக்கம் பயிலும் மாணவர், ஒளிப்பதிவு பயிலும் மாணவர், ஒலிப்பதிவு பயிலும் மாணவர், படத்தொகுப்பு பயிலும் மாணவர் என்று தனித்தனித் துறையினர் கூடித்தான் பட்டயப் படத்தை எடுத்தாக வேண்டும். ஒருவர் மற்றவரின் வேலையைத் தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ள இயலாது. இன்று கைபேசியிலேயே படம் எடுக்கும் மாணவர் குழுக்களில் அந்தப் பிரிவினை கரைந்துவிட்டது. கேமராவை வைத்திருப்பவரே இயக்குநர், அவரே தொகுப்பாளர், சில வேளைகளில் அவரே நடிகர்.

நிற்க. கல்லூரிக்கு வெளியே, தொழில்துறையில் வேலைப்பிரிவினை வேறு வழியில் வளர்ந்தது. ஸ்டுடியோக் காலத்தில் ஜெமினி, வாகினி, ஏவி.எம்., சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆகியவை ஒவ்வொரு துறைக்கும் மாதச் சம்பளக்காரர்களை வைத்திருந்தன. தச்சர், மின்பணியாளர், விளக்குகளைத் தாங்கும் பரண்மேல் ஏறுபவர் எனப் பலருக்கும் தளம் பழகிய இடம். எந்தப் பலகை ஆடும், எந்தக் கம்பி சூடாகும் என்பதை உடல் அறிந்திருக்கும். 1977இல் ‘16 வயதினிலே’ கேமராவைக் கிராமத்திற்கு அழைத்துச் சென்ற பிறகு வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியது. படம் புத்துயிர் பெற்றது. பழகிய தளம் போயிற்று. ஒவ்வொரு நாளும் புதிய கிணறு, புதிய பாறை, புதிய மின்கம்பம்.

தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டனர். வங்கத்திலிருந்து வந்து ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தை இயக்கிய நிமாய் கோஷ், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் ஆகியோர் அதில் முன்னின்றனர். 1981இல் நாடாளுமன்றம் திரைத்தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. பின்னர் 2020இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திற்குள் அது அடக்கப்பட்டது. ஆனால் இவை யாவும் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்ட தொழிலாளியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நண்பனுக்காக விளக்குப் பிடிக்க வந்த மாணவன் எந்தச் சங்கத்தின் உறுப்பினனும் அல்லன்.

சட்டமும் சங்கமும் இருந்த இடங்களிலேயே நேர்ந்தவற்றைப் பார்ப்போம். 1980 நவம்பர் 16 அன்று, சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், மலையாள நடிகர் ஜெயன் ஹெலிகாப்டர் காட்சியொன்றில் உயிரிழந்தார். காட்சி முன்பே சரியாக அமைந்துவிட்டதென்றும், அவரே இன்னொரு முறை எடுக்க விரும்பினார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூவர் மாண்டனர். ஒருவர் உதவி இயக்குநர். மற்ற இருவரும் வேறு துறைகளின் உதவியாளர்கள். 2022 டிசம்பரில், நம் தாம்பரத்திற்கு அடுத்த வண்டலூர்ப் பக்கம், ‘விடுதலை’ படப்பிடிப்பில் சண்டைக்காட்சிக்கான கயிறு அறுந்து சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். ஜெயனை விட்டுவிட்டால், இறந்தவர்கள் அனைவரும் படத்தின் பெயர்ப்பட்டியலில் நம் கண் நிற்காத வரிகளைச் சேர்ந்தவர்கள்.

இனிக் கடல் கடந்து பார்ப்போம். 1982 ஜூலை 23 அன்று கலிபோர்னியாவில் ‘ட்விலைட் ஸோன்’ படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் வீழ்ந்து நடிகர் விக் மாரோவும் இரு குழந்தைகளும் இறந்தனர். இயக்குநர் உள்ளிட்ட ஐவர் மீது வழக்கு நடந்து 1987இல் விடுதலையாயினர். எனினும் அவ்விபத்து அங்குள்ள நடைமுறையை மாற்றியது. பாதுகாப்பு விதிகள் எழுத்தில் வந்தன. படப்பிடிப்புத் தளத்தை நடத்தும் முதல் உதவி இயக்குநரின் பொறுப்புகளில் பாதுகாப்பும் ஒன்று என்ற வழக்கம் வலுப்பட்டது.

அங்கும் விதி மீறப்பட்டது. 2014 பிப்ரவரி 20 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ‘மிட்நைட் ரைடர்’ குழுவினர், ரயில் நிறுவனத்தின் அனுமதி இன்றி, ஆற்றுப்பாலத்தின் தண்டவாளத்தில் இரும்புக் கட்டில் ஒன்றை வைத்துப் படம்பிடித்தனர். ரயில் வந்தது. 27 வயது ஒளிப்பதிவு உதவியாளர் சாரா ஜோன்ஸ் இறந்தார். அடுத்த ஆண்டு இயக்குநர் ராண்டால் மில்லர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். முதல் உதவி இயக்குநரும் தண்டனைக்கு உள்ளானார். ‘நான் சொன்னதைச் செய்தேன்’ என்பது அப்பதவியில் இருப்பவருக்கு விடையாகாது என்று நீதிமன்றம் கருதியதாகவே நாம் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் தேடலின் மையத்திற்கு இங்கே வந்து சேர்ந்தோம். அங்கே முதல் உதவி இயக்குநர் என்பது ஒரு தனித் தொழில். நேரத்தையும் தளத்தையும் ஆள்பவர் அவர். இயக்குநரிடம் ‘இது கூடாது’ என்று சொல்வது அவர் வேலையின் பகுதி. நம் திரையுலகில் உதவி இயக்குநர் என்பவர் சீடர். குருவிடம் தொழில் கற்க வந்தவர். நாளை தாமே இயக்குநராகும் கனவோடு, இன்று குருவின் குறிப்பறிந்து நடப்பவர். இந்தக் குருகுல முறை நமக்கு எத்தனையோ நல்ல இயக்குநர்களைத் தந்திருக்கிறது. அதைப் பழிப்பது எங்கள் நோக்கம் அன்று. ஆனால் சீடன் குருவை நோக்கி ‘நிறுத்துங்கள்’ என்று சொல்வது எளிதா? தயாரிப்பு நிர்வாகியோ பணத்துக்கும் நாளுக்கும் கணக்குச் சொல்லவேண்டியவர்; நிறுத்தினால் நட்டம். ஆக, மறுக்கும் அதிகாரம் எந்த நாற்காலியிலும் இல்லாமற் போயிற்று.

மாணவர் படத்தில் குரு இல்லை, எல்லோரும் நண்பர்கள். அதனால் மறுப்பது எளிதாகும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது இன்னும் கடினம். நண்பனின் ஒரே கனவைக் கெடுத்தவன் என்ற பெயரை யார் ஏற்பார்?

ஆகவே பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் கொடுப்பதே முதல் வேலை. அவர் இயக்குநராகவோ ஒளிப்பதிவாளராகவோ நடிகராகவோ இருத்தலாகாது. கேமராக் கண்ணாடி வழியே பார்ப்பவருக்குச் சட்டத்திற்கு வெளியே உள்ளது தெரியாது. நடிப்பவருக்கு அதுவும் தெரியாது. அவர் ‘நிறுத்து’ என்றால் காரணம் கேட்காமல் அனைவரும் நிற்கவேண்டும், விவாதம் பிறகு. படப்பிடிப்புக்கு முன்பே அந்த இடத்தைப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை அவர் சென்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே, என்ன தவறலாம், தவறினால் யார் எதைச் செய்வது, அருகிலுள்ள மருத்துவமனை எது என்று ஒரு தாளில் எழுதவேண்டும். விளக்குக் கம்பிகளைப் பார்க்க ஒருவர். வழிப்போக்கரையும் வண்டிகளையும் கவனிக்க ஒருவர். வீடு திரும்பும் வரை எண்ணிக்கை பார்க்க ஒருவர். ஐவர் குழுவில் இது இயலாதென்றால், அக்காட்சி ஐவரால் எடுக்கத்தக்கதன்று.

இந்தப் பகுதிக்கென்றே சில செய்திகளும் உண்டு. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. தாம்பரத்தைச் சுற்றித் தடங்கள் பல. ஒரு தடத்தில் செல்லும் வண்டியின் ஓசை, அடுத்த தடத்தில் வருவதன் ஓசையை மறைத்துவிடும் என்று எங்கள் ரயில்வே நண்பர் சொன்னார். அனுமதியின்றித் தண்டவாளத்தில் இறங்குவது குற்றம் என்பது ஒருபுறம், உயிர் மறுபுறம். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகருகே இருப்பதால், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி இவ்வட்டாரத்தில் டிரோனை நினைத்தபடி பறக்கவிட இயலாது. 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் கற்கோடரியைக் கண்டெடுத்த பல்லாவரத்தைச் சுற்றிய குன்றுகள், பின்னாளில் கல்லுக்காக வெட்டப்பட்டுக் குவாரிகளாயின. அவற்றில் தேங்கிய நீரின் அமைதி ஏமாற்றும். கரை சரிவின்றி நேரே இறங்கும். அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. பொம்மைத் துப்பாக்கியானாலும் பொதுவிடத்தில் நீட்டுமுன் உள்ளூர்க் காவல் நிலையத்திற்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது. இருட்டில் அது பொம்மை என்பது தொலைவில் நிற்பவருக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தரையில் மின்கம்பி இழுப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு கட்டுப்பாட்டில் மர்மப்படம் எப்படி எடுப்பது என்று சிலர் கேட்கக்கூடும். திகில் என்பது பார்ப்பவர் மனத்தில் நிகழ்வது. எடுப்பவர் உடலில் நிகழவேண்டியதில்லை. மறைத்துக் காட்டுவதும், ஓசையால் உணர்த்துவதும், இரு காட்சித் துண்டுகளை ஒட்டி இல்லாத ஆபத்தை உண்டாக்குவதுமே இவ்வகைப் படத்தின் இலக்கணம்.

அந்த மாணவர்கள் ஒரு மாதம் கழித்து மீண்டும் வந்தனர். பட்டியலில் புதிதாக ஒரு வரி இருந்தது. ஒலிப்பதிவு செய்யவிருந்த பெண் அப்பொறுப்பை ஏற்றிருந்தார். ஒலிப்பதிவுக்கு வேறொரு நண்பரை அழைத்திருந்தனர். பகலில் ஒருமுறை தண்டவாளத்தருகே சென்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தாராம். அரைமணி நேரத்தில் எத்தனை வண்டிகள் கடந்தன என்று எண்ணினாராம். திரும்பி வந்து அக்காட்சியையும் குவாரிக் காட்சியையும் அடித்துவிட்டார். இயக்குநர் இரண்டு நாள் பேசவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

படத்தில் இப்போது கதாநாயகன் ஒரு விடுதி நடைபாதையில் ஓடுகிறான். ரயில் ஓசை மட்டுமே கேட்கிறது. அதை எங்கள் மொட்டைமாடியிலிருந்து, இரவு கடைசி வண்டிகள் போகும் நேரத்தில் பதிவு செய்துகொண்டு போனார்கள். ரயில்வே நண்பர் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.