அயர்லாந்தின் பழஞ்சட்டத்தை மீட்ட அறிஞர்

ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டு மக்களின் வாழ்வைக் காட்டும் கண்ணாடி எனலாம். அயர்லாந்து மக்களின் பழஞ்சட்ட நூல்கள் கி.பி. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் அவர்தம் தாய்மொழியிலேயே பெரும்பாலும் எழுதப்பெற்றன. மன்னன் முதல் உழவன் வரை ஒவ்வொருவர்க்கும் உரிய மதிப்பை அவை வரையறுத்தன. ஒருவனை இழிவுபடுத்தினால் செலுத்த வேண்டிய ஈட்டிற்கு 'முகத்தின் விலை' எனப் பொருள்படும் பெயர் வழங்கிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி முழுமையாக வேரூன்றவே, அச்சட்டம் வழக்கொழிந்தது, தோலேடுகளே எஞ்சின.

1852ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற குழுவிற்காக ஓடோனவன், ஓகரி என்னும் இரு பேரறிஞர்கள் அவ்வேடுகளைப் படியெடுத்து மொழிபெயர்த்தனர். ஆனால், முன்னவர் 1861இலும் பின்னவர் 1862இலும் மறைந்தனர். அவர்தம் மொழிபெயர்ப்பு அவர்களால் திருத்தப்பெறாமலே 1865 முதல் 1901 வரை ஆறு தொகுதிகளாக அச்சேறியது. பழைய ஐரிஷ் இலக்கணம் தெளிவுபெறாத காலமாதலின், பிழைகள் மலிந்தன.

இக்குறையை நீக்கும் பணி டேனியல் அந்தோணி பின்ச்சியை வந்தடைந்தது. 1899இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்த அவர், டப்ளினிலும் மியூனிக்கிலும் பயின்று, இளமையிலேயே டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் சட்டப் பேராசிரியரானார். 1929 முதல் 1932 வரை ஜெர்மனியில் தம் நாட்டின் தூதராகவும் விளங்கினார். பதவியும் புகழும் காத்திருந்த வேளையில், அவர் உள்ளம் ஏடுகளையே நாடிற்று. மொழியறிஞர் தர்னைசனிடம் பழைய ஐரிஷ் மொழியை முறையாகக் கற்றார். சட்டம் அறிந்தவர் மொழி அறியார். மொழி அறிந்தவர் சட்டம் அறியார் என்றிருந்த குறை அவரால் நீங்கியது.

ஏடுகளில் மூலம் பெரிய எழுத்திலும், குறிப்புரையும் விரிவுரையும் சிறிய எழுத்திலும் அமைந்திருந்தன. உரைகாரர் பலர் மூலத்திற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டவர். பழஞ்சொற்களைத் தாமே தவறாக உணர்ந்தோரும் உளர். ஆகவே, உரையின் வழியே மூலத்தைக் காண்பது போதாது. மொழியின் தொன்மையை அளவுகோலாகக் கொண்டு அதனைத் தனித்தறிய வேண்டும் என்பதே பின்ச்சியின் நெறி. மக்களின் படிநிலைகளைக் கூறும் 'கிரீத் கப்லக்' என்னும் நூலை 1941இல் அவ்வாறே பதிப்பித்தார்.

1950 முதல் டப்ளின் உயராய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், ஏடுகளைத் தாமே நேரிற் பார்த்துப் படியெடுத்தார். அவ்வுழைப்பின் பயனாக 1978இல், ஏறத்தாழ எண்பதாம் அகவையில், ஆறு தொகுதிகள் கொண்ட பெரும்பதிப்பை வெளியிட்டார். அதில் மொழிபெயர்ப்பு இல்லை. அவசரப்பட்ட மொழிபெயர்ப்பால் விளைந்த தீங்கினை அறிந்தவரன்றோ அவர்! திருத்தமான மூலத்தை முதலில் நிறுவுவதே கடன் எனக் கருதினார். அவ்வடித்தளத்தின் மீதே ஃபெர்கஸ் கெல்லி 1988இல் பழைய ஐரிஷ் சட்டத்திற்கு ஒரு வழிகாட்டி நூலை எழுதினார். அடுத்த ஆண்டில் பின்ச்சி மறைந்தார்.

மூலம் திருந்தினால் பொருள் திருந்தும். மூலம் பிழைபட்டால் அதன்மேல் எழும் ஆய்வனைத்தும் பிழைபடும். ஏடு பயிலும் மாணவர்க்கும் பயிற்றும் ஆசிரியர்க்கும் அப்பெருமகனார் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.