பரணில் கிடந்த ராட்டை

'கைவிடப்பட்ட கலை' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். விட்டது எந்தக் கை என்று கேட்பதில்லை. கைத்தொழில் மறுமலர்ச்சி பற்றிய நமது கதையாடல்களெல்லாம் ஒரே அச்சு: மக்கள் மறந்தார்கள், ஒரு பெரியவர் வந்து நினைவூட்டினார், கைகள் மீண்டும் அசைந்தன. இந்த அச்சில் வார்த்த ஆகப்பெரிய கதை கதர். அந்தக் கதையைக் குலைத்துப்போடுகிற இடமும் அதற்குள்ளேயே, காந்தியின் 'சத்திய சோதனை'யின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ராட்டையைத் தேடிக் கண்டுபிடித்த ஆனந்தமாகத்தான் அந்தப் பக்கங்களை எல்லோரும் வாசிக்கிறார்கள். எனக்கு அது ஒரு பேரத்தின் பதிவாகப் படுகிறது.

1909இல் 'இந்திய சுயராஜ்யம்' எழுதியபோது காந்தி ராட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. 1915இல் நாடு திரும்பியபோதும் அதே நிலைதான். ஆசிரமத்தில் தறி போட்டாயிற்று, நெய்ய நூல் மட்டும் மில்லிலிருந்து வந்தது. கையால் நூற்கத் தெரிந்தவர் யாரும் அகப்படவில்லை. 1917இல் புரோச் கல்வி மாநாட்டில் கங்காபென் மஜும்தார் அவருக்கு அறிமுகமாகிறார். விதவை. குதிரையேறத் தெரிந்தவர், தீண்டாமையை உதறியவர், துணைக்கு ஆளில்லாமல் ஊர் சுற்றியவர். (இவரைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் வந்திருக்க வேண்டும்.) குஜராத் முழுக்க அலைந்து, கடைசியில் பரோடா சமஸ்தானத்து வீஜாப்பூரில் ராட்டையைக் காண்கிறார். ஒரு வீட்டில் இல்லை, பல வீடுகளில். வேண்டாத சாமானோடு சாமானாகப் பரணில் தூக்கிப் போட்டு வைத்திருந்தார்கள்.

சரி, அவுங்க என்ன சொன்னாங்க? 'அவர்கள்' என்றால் பெண்கள் என்றே கொள்கிறேன், நூற்பு வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்த ஊர்கள் அவை. தேசத்துக்காக நூற்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. மறந்துபோச்சு, கத்துக்கொடுங்க என்றும் சொல்லவில்லை. பட்டை போட்ட பஞ்சு தொடர்ந்து வரணும், நூற்ற நூலை வாங்கிக்கணும். இரண்டே நிபந்தனை. அதற்கு ஏற்பாடு செய்தால் நூற்கத் தயார்.

கை எதையும் மறந்திருக்கவில்லை என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி. பட்டைகள் போய்ச் சேர்ந்ததும் சமாளிக்க முடியாத அளவுக்கு நூல் வந்து குவிந்தது. அந்தப் பட்டைகள் எங்கிருந்து வந்தன? பம்பாய் மில் முதலாளி உமர் சோபானியின் ஆலையிலிருந்து! எந்த எந்திரம் ராட்டையைப் பரணுக்கு ஏற்றியதோ அதன் பஞ்சிலேயே ராட்டை கீழே இறங்குகிறது. இது காந்தியையும் உறுத்தியிருக்கிறது. மில் பட்டையை எடுத்தால் மில் நூலையே எடுத்துவிடலாமே என்று யோசித்து, பஞ்சு கொட்டுகிறவரைத் தேடச் சொல்கிறார். கிடைத்தவர் மாதம் 35 ரூபாய் கேட்டார். கொடுக்கப்பட்டது.

இதற்கு ஏறக்குறைய தொண்ணூறு வருஷத்துக்கு முன், 1828இல், 'சமாசார் தர்ப்பண்' என்ற வங்காளப் பத்திரிகையில் சாந்திப்பூரிலிருந்து ஒரு கடிதம் வெளியானது. நூற்றுப் பிழைத்த ஒரு விதவையின் முறையீடு. அந்த நூலில்தான் குடும்பத்தைக் காத்தாள். இங்கிலாந்து நூல் சந்தைக்கு வந்ததும் அவள் நூலுக்குக் கேட்பாரில்லை. இதை மறதி என்று சொல்ல முடியுமா? ராட்டை பரணுக்கு ஏறியதன் காரணம் தெளிவாக அச்சில் இருக்கிறது. வீஜாப்பூர்ப் பெண்களின் இரண்டு நிபந்தனைகளையும் இந்தக் கடிதத்துக்கு வந்த பதிலாகவே நான் வாசிக்கிறேன்.

பின்னால் வந்த சொல்லாடலில் இந்தப் பேரம் காணாமல் போய்விடுகிறது. நூற்பு விரதமாகிறது, தவமாகிறது. 1924 பெல்காம் காங்கிரசில் உறுப்பினர் சந்தாவே மாதம் 2000 கஜம் நூல் என்று முடிவாகிறது. சுயமாக நூற்க விருப்பமில்லாதவர் இன்னொருவர் நூற்றதைக் கொடுக்கலாம் என்று சலுகையும் உண்டு. அந்த 'இன்னொருவர்' யார்? 1925இல் தாகூர் எதிர்த்து எழுதினார்: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் மனம் மழுங்கும் என்று. வலுவான வாதம்தான். ஆனால் நூற்பில் விரலுக்கு என்ன வேலை என்பது அதில் இல்லை. ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, மறு கை பஞ்சை இழுத்துக்கொண்டே போகிறது. எவ்வளவு இழுப்பது, எங்கே நிறுத்துவது, முறுக்கு ஏறிவிட்டதா என்பதெல்லாம் விரல் நுனியின் தீர்மானம். ஒருத்தருக்கு அது விடுதலையின் குறியீடு, மற்றவருக்கு மந்தபுத்தியின் குறியீடு. நூற்றவள் இரண்டிலும் இல்லை.

தமிழ் படித்தவனுக்கு இது புதிதாகத் தோன்றாது. நன்னூலில் சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். புத்தகத்துக்கு 'நூல்' என்ற பெயரே அவள் வேலையிலிருந்து வந்தது என்று விளக்குகிற இலக்கணம் அவளை உவமையாகத்தான் உள்ளே விடுகிறது.

'சத்திய சோதனை'யில் இன்னொரு சம்பவம் உண்டு. நோயாளியாகப் பம்பாயில் படுத்திருந்தபோது காந்தி அங்கேயே நூற்பவர் இருவரைக் கண்டுபிடிக்கிறார். சேருக்கு 1 ரூபாய் கேட்டார்கள். முதலில் கொடுத்தார். வீஜாப்பூர் விலையோடு ஒப்பிட்டதும் அதிகமாகத் தெரிந்தது. குறைக்கச் சொன்னார். முடியாது என்றார்கள், அனுப்பப்பட்டார்கள். போவதற்குள் வீட்டுக்கு வந்த சீமாட்டிகளுக்கு நூற்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கற்றுக்கொண்டவர்களின் பெயர்கள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. கற்றுக்கொடுத்த இருவரின் பெயர் இல்லை. அகில இந்திய நூற்போர் சங்கம் 1925இல் தொடங்கியது. நூற்பவருக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று அது தீர்மானம் போட்டது 1935இல்.