கன்றுக்குட்டியின் பாட்டும் எழுதியவன் பேரும்

ஒரு கூட்டத்தில் தோழர் ஒருவர் 'டோனா டோனா' பாட்டை ஆங்கிலத்தில் பாடினார். வெட்டுவதற்காக வண்டியில் கட்டிக் கொண்டுபோகப்படும் கன்றுக்குட்டியின் பாட்டு. 1960இல் ஜோன் பேஸ் பாடி உலகமெல்லாம் பரவியது. "எழுதினது யாரு தோழர்?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும், நாட்டுப்பாட்டு" என்றார். எனக்கு உறுத்தியது. நம்ம சனங்க கட்டின பாட்டுக்கும் இதைத்தானே சொல்கிறார்கள்?

எழுதியவர் பேர் ஆரோன் ஸைட்லின். இன்றைய பெலாரூஸில் 1898இல் பிறந்த யூதர். வார்சாவில் வாழ்ந்து எழுதியவர். அவர் சனங்களுக்கு இரண்டு மொழி. ஹீப்ரு வேதத்தின் மொழி, ஆண்கள் உட்கார்ந்து படித்த மொழி. இத்திஷ் அடுப்படியிலும் சந்தையிலும் புழங்கிய மொழி. படித்த யூதர்களே அதைக் கொச்சை என்று பழித்தார்கள். அதுவும் யூதர்களின் தேசிய மொழிதான் என்று சொல்ல, 1908இல் செர்னோவிட்ஸ் நகரில் ஒரு மாநாடே கூட்ட வேண்டியிருந்தது. அப்பா ஹில்லெல் ஸைட்லினைப் போலவே ஆரோனும் இரண்டு மொழியிலும் எழுதினார்.

1939இல் நாடகக்காரர் மோரிஸ் ஷ்வார்ட்ஸ் அழைத்து நியூயார்க் போனார். போர் மூண்டது, திரும்ப வழியில்லை. அங்கே மேடையேறிய 'எஸ்தெர்கே' என்ற இத்திஷ் நாடகத்துக்காக, 1940-41இல் எழுதியதுதான் இந்தப் பாட்டு. இசை ஷோலோம் செகுண்டா.

நாஜிகளின் கொலைமுகாமைப் பாடிய பாட்டு என்று பலர் சொல்கிறார்கள். வருஷத்தைப் பாருங்கள். த்ரெப்ளிங்கா கொலைமுகாம் திறந்தது 1942 ஜூலையில். பாட்டு அதற்கு முந்தியது. கொலைக்கு முன்னால் நடக்கிற பேச்சை அது பிடித்து வைத்திருக்கிறது: பறவையாய்ப் பிறக்காமல் கன்றாய்ப் பிறந்தது கன்றின் தப்பாம்! பிறப்பையே குற்றமாக்கும் இந்த நியாயம் நமக்குப் புதுசா என்ன?

1942இல் அப்பாவைக் கொன்றார்கள். மனைவியையும் பிள்ளையையும் கொன்றார்கள். கொல்லப்பட்ட சுமார் 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் இத்திஷ் பேசியவர்கள். அதாவது, அவருடைய வாசகர்கள். 1948இல் இஸ்ரேல் உருவாகி, ஹீப்ரு அரசு மொழியானது. ஸைட்லினும் நியூயார்க்கில் ஹீப்ரு இலக்கியம் கற்பித்தார், ஹீப்ருவிலும் எழுதினார். அதோடு இத்திஷை விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. பேரழிவையும் நம்பிக்கையையும் பற்றிய இத்திஷ் கவிதைகளை 1967இலும் 1970இலும் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 1973இல் நியூயார்க்கில் இறந்தார்.

கேட்க ஆளில்லாத மொழியில் எதுக்கு எழுதணும்? செத்தவர்கள் பேசிய மொழி அது. அவர்களைப் பற்றி அவர்கள் பேச்சிலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்த தடவை யாராவது அந்தப் பாட்டைப் பாடினால், பேரையும் சேர்த்துச் சொல்லுங்க தோழர்களே: ஆரோன் ஸைட்லின்.