ஈ.ஆர். தொடரின் முதல் பருவம் (1994–95)

ஈ.ஆர். என்பது அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1994 செப்டம்பர் 19 முதல் 2009 ஏப்ரல் 2 வரை ஒளிபரப்பான மருத்துவமனைத் தொடர். 15 பருவங்களில் 331 பகுதிகள் வெளியாயின. 'எமர்ஜென்சி ரூம்' என்பதன் சுருக்கமே தலைப்பு. நம் ஊர்களில் கேஷுவாலிட்டி என்று சொல்லப்படும் அவசர சிகிச்சைப் பிரிவுதான் கதைக்களம். 25 பகுதிகள் கொண்ட முதல் பருவம் 1995 மே 18 அன்று நிறைவடைந்தது.

தோற்றம்

தொடரை உருவாக்கியவர் எழுத்தாளர் மைக்கேல் கிரைட்டன். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் 1969இல் பட்டம் பெற்றவர். ஆனால் மருத்துவத் தொழிலில் இறங்காமல் எழுத்துக்குப் போனார். மாணவராக பாஸ்டன் மருத்துவமனையில் கண்டவற்றை வைத்து 1974இல் ஒரு திரைக்கதை எழுதினார். அதில் தொடர்ச்சியான ஒரே கதை கிடையாது, நோயாளிகள் வருவார்கள், போவார்கள். மருத்துவர்கள் பேசும் தொழில்மொழிக்கு விளக்கமும் கிடையாது. இதைப் படமாக எடுக்கப் பல ஆண்டுகள் எவரும் முன்வரவில்லை. பின்னர் ஸ்டீவன் ஸ்பில்பெர்க் இதை இயக்க எண்ணியிருந்தபோது, கிரைட்டன் எழுதிக்கொண்டிருந்த டைனோசர் நாவலைப் பற்றிக் கேள்விப்பட்டு அதற்குத் தாவினார். அதுவே 1993இல் ஜுராசிக் பார்க் படமாயிற்று. அந்த வெற்றிக்குப் பிறகே பழைய திரைக்கதை மீண்டும் மேசைக்கு வந்தது.

இருபது ஆண்டு கழித்தும் கதையில் பெரிய மாற்றம் செய்யப்படவில்லை. சூசன் லூயிஸ் பாத்திரம் பெண்ணாகவும், பீட்டர் பென்டன் பாத்திரம் கறுப்பினத்தவராகவும் மாற்றப்பட்டன, நீளம் குறைக்கப்பட்டது. 1991இல் மூடப்பட்ட லாஸ் ஏஞ்சலஸ் லிண்டா விஸ்டா மருத்துவமனைக் கட்டடத்தில் முதற்பகுதி படமாக்கப்பட்டது. கதை நடப்பது சிகாகோவின் கவுண்டி ஜெனரல் என்னும் கற்பனை மருத்துவமனையில். ஏழை எளியவர்களுக்கான அந்நகரத்து குக் கவுண்டி மருத்துவமனையே இதற்கு முன்மாதிரி. அமெரிக்க மருத்துவமனைகளில் முதல் இரத்த வங்கி 1937இல் தொடங்கப்பட்டது அங்கேதான்.

மார்க் கிரீனாக அந்தோணி எட்வர்ட்ஸ், டக் ராஸாக ஜார்ஜ் குளூனி, பென்டனாக எரிக் லா சால், மாணவர் கார்ட்டராக நோவா வைல், லூயிஸாக ஷெரி ஸ்ட்ரிங்ஃபீல்டு ஆகியோர் நடித்தனர். ஜூலியானா மார்குலிஸ் நடித்த செவிலியர் கரோல் ஹாத்தவே முதற்பகுதியிலேயே இறந்துவிடுவதாகத்தான் எழுதப்பட்டிருந்தது. முன்னோட்டமாகப் பார்த்தவர்களுக்கு அவரைப் பிடித்துப்போனதால் உயிர் பிழைத்தார். அதே பருவத்துக்காக எம்மி விருதும் வாங்கினார்.

முந்தைய நாள்தான் சி.பி.எஸ். தொலைக்காட்சி சிகாகோ ஹோப் என்ற இன்னொரு மருத்துவமனைத் தொடரைத் தொடங்கியிருந்தது. இரண்டும் வியாழன் இரவு பத்து மணிக்கு மோதின. சில வாரங்களில் சிகாகோ ஹோப் வேறு நாளுக்கு இடம்பெயர நேர்ந்தது. அந்த ஆண்டின் பார்வையாளர் பட்டியலில் ஈ.ஆர். இரண்டாம் இடம்.

ஒரு நோயாளி, பல நோயாளிகள்

தமிழருக்கு மருத்துவமனைக் கதை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்ரீதரின் நெஞ்சில் ஓர் ஆலயம் (1962). அதில் ஒரு மருத்துவர், ஒரு முக்கிய நோயாளி, இருவருக்கும் நடுவே ஒரு பெண். அறுவை சிகிச்சை வெற்றி பெறும். மருத்துவர் உயிரை விடுவார். தியாகம்தான் அங்கே கதை. ஈ.ஆரில் அதற்கெல்லாம் நேரமே கிடைக்காது. ஒரு நோயாளிக்குத் தையல் போட்டு முடிப்பதற்குள் அடுத்த தள்ளுவண்டி உள்ளே வந்துவிடும். கேமராவைத் தோளோடு கட்டிக்கொண்டு அந்த வண்டியின் பின்னால் ஓடிய படப்பிடிப்பு முறை அக்காலத் தொலைக்காட்சிக்குப் புதிது. தொழில்மொழி புரியாவிட்டாலும் மருத்துவரின் முகத்தைப் பார்த்தே நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம். உண்மையான மருத்துவமனையில் நோயாளியின் உறவினர் செய்வதும் அதைத்தான்.

மார்ச் 9, 1995

இப்பருவத்தின் சிகரம் 'லவ்ஸ் லேபர் லாஸ்ட்' என்னும் பகுதி. ஷேக்ஸ்பியர் நாடகத் தலைப்பை ஒட்டிய பெயர். 'லேபர்' என்னும் சொல்லுக்கு உழைப்பு, பிரசவ வலி என இரு பொருள் உண்டு என்பதால் சிலேடையும் ஆகிறது. எழுதியவர் லான்ஸ் ஜென்டிலி, அவரே அவசர சிகிச்சை மருத்துவர். இயக்கியவர் மிமி லெடர்.

நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் வருகிறார். சிறுநீர்த் தொற்று என்று கருதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார் டாக்டர் கிரீன். சற்று நேரத்தில் அவருக்கு வலிப்பு வந்து திரும்பக் கொண்டுவரப்படுகிறார். நோய் முன்சூல்வலிப்பு முற்றிய நிலை. நம் கிராமங்களில் பிரசவ ஜன்னி என்று அஞ்சப்படுவது இதுதான். மகப்பேற்று மருத்துவர் வரத் தாமதமாகிறது. கிரீன் தானே பிரசவம் பார்க்க முனைகிறார். குழந்தையின் தோள் சிக்கிக்கொள்கிறது. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்க வேண்டியதாகிறது. குழந்தை பிழைக்கிறது. தாய் இறந்துவிடுகிறார். நல்ல மருத்துவர், தவறு செய்தார், ஓர் உயிர் போயிற்று. தொலைக்காட்சி இதைச் சமாதானம் எதுவும் சொல்லாமல் காட்டியது அரிது. முதல் பருவம் 23 எம்மி பரிந்துரைகளில் 8 விருதுகளை வென்றது; எழுத்துக்கும் இயக்கத்துக்குமான விருதுகள் இப்பகுதிக்கே கிடைத்தன. இறந்த பெண்ணின் குடும்பத்தார் தொடுக்கும் வழக்கு இரண்டாம் பருவத்திலும் கிரீனைத் தொடர்கிறது.

இப்பகுதி ஒளிபரப்பான மூன்று மாதத்தில், 1995 ஜூனில், லான்செட் இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் வலிப்பு கண்ட 1,687 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு அது. மெக்னீசியம் சல்பேட் கொடுத்தால் வலிப்பு திரும்ப வருவது, டயாசிபம் கொடுத்தவர்களைவிட 52 விழுக்காடு குறைந்தது. விலை மலிவான மருந்து. இதற்கும் முன்னதாகவே எச்சரிப்பவை இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும் பெண்கள் 'உப்பு இருக்கா' என்று கேட்பது இதைத்தான். தொடரில் கிரீன் கோட்டை விட்டதும் இதே இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் ஆராய்ந்து காரணம் காணும் முறை 1990களில் தொடங்கி 2004க்குப் பின் வலுப்பெற்றது. மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001–03இல் 134ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018–20இல் 54ஆகக் குறைந்தது.

காட்டியதும் நடப்பதும்

பாராட்டோடு ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. மூச்சும் நாடியும் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர். சிகிச்சையை இத்தொடர்கள் எப்படிக் காட்டுகின்றன என்று 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஈ.ஆர்., சிகாகோ ஹோப் ஆகியவற்றின் 1994–95 பருவத்தையும் ரெஸ்கியூ 911 நிகழ்ச்சியின் 50 பகுதிகளையும் சேர்த்து 97 பகுதிகளைப் பார்த்தனர். 60 முறை சி.பி.ஆர். நடந்தது, அதில் 31 ஈ.ஆரில். 75 விழுக்காட்டினர் உடனடியாகப் பிழைத்தனர், 67 விழுக்காட்டினர் வீடு திரும்புவதாகக் காட்டப்பட்டது. நடைமுறையில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் நெடுநாள் பிழைப்போர் 2 முதல் 30 விழுக்காடு வரைதான் என அவ்வாய்வு குறிப்பிட்டது. திரையில் இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் இளைஞர்களும். நிஜத்தில் முதியவர்களே அதிகம்.

இது சின்ன விஷயமன்று. திரையில் பிழைத்தவர்களையே பார்த்துப் பழகிய குடும்பம், நிஜத்தில் பிழைக்காதபோது மருத்துவர் எதையோ செய்யத் தவறிவிட்டார் என்றே முடிவுகட்டுகிறது.

ஈ.ஆர். தொடங்கிய ஆண்டில் அமெரிக்காவில் அவசர மருத்துவம் தனித்துறையாகி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்திய மருத்துவக் கழகம் அதை ஏற்றது 2009இல். 1994இல் வத்திராயிருப்பிலோ கூமாபட்டியிலோ இரவில் ஒரு கர்ப்பிணிக்கு வலிப்பு கண்டால், முதல் வேலை வண்டி தேடுவது. பிறகு திருவில்லிபுத்தூர், அங்கும் முடியாவிட்டால் மதுரை பெரியாஸ்பத்திரி. 108 அவசர ஊர்தி தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு செலவில் வழங்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது.